வாக்காளர் பட்டியலில் ஒரு பங்காளி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோட்டின் முன்பக்கங்களில் இருக்கும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து வருவது என் எழுத்து. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். கையெழுத்தும் கோணல். முப்பது வருஷமாக ஈர மாவில் புழங்கிய விரல்கள், பேனாவைப் பிடித்தால் நடுங்குகின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டின் சொந்தக்காரரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய குடும்பப் பேர் அட்டையிலேயே தமிழிலும் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக இருக்கிறது. அதை நான் வேறு எழுதிக் கெடுப்பானேன்.

நான் காளிகாட்டில் இட்லி மாவு அரைத்து, தமிழர் வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். வங்காளிகள் என்னை இட்லி-தா, அதாவது இட்லி அண்ணா, என்பார்கள். சாருக்கு நான் மாவு. "மாவு, நாளைக்கு ரெண்டு கிலோ. மாவு, நேத்து புளிப்பு அதிகம்." இருபது வருஷத்தில் வேறு எந்தப் பேரும் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்காமல் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு.

அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் பழைய பத்திரங்களைக் காக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சார். மனைவி இல்லை. ஒரே பெண். வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. சனிக்கிழமை தோறும் புளி போட்டு அவரே தேய்ப்பார். வேலைக்காரியைத் தொட விடமாட்டார்.

நம்மவர்களுக்குப் பொதுவாகக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள். வங்காளத்தில் அது செல்லாது. பேருக்குப் பின்னால் ஒரு பொதபி வேண்டும். போஸ், கோஷ், சட்டர்ஜி என்று ஏதாவது ஒன்று. ரேஷன் ஆபீஸ் ஆனாலும் ஆஸ்பத்திரி ஆனாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் குமாஸ்தா பேனாவை மேலே தூக்கிக்கொள்வார். இந்த ஊர்த் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்தில் அப்பா பேரையோ ஊர்ப் பேரையோ திணித்து ஒப்பேற்றியவர்கள். சாருக்கு மட்டும் நிஜமான, எங்கும் கேள்விப்படாத ஒரு குடும்பப் பேர் இருந்தது. அந்தப் பெருமையிலேயே அவர் வாழ்ந்தார்.

"இனிஷியல்ங்கறது பிளாட்பாரம் டிக்கெட் மாதிரி மாவு," என்பார். "ஸ்டேஷனுக்குள்ள வரலாம். ரயில்ல ஏற முடியாது."

டாக்டரிடம் போனால், கம்பவுண்டர் பேரைக் கூப்பிட்டதும் எழுந்திருக்கமாட்டார். இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் எல்லோர் காதிலும் விழும். ஒரு பூஜைக்கு எங்கள் பாடாவின், அதாவது பேட்டையின், கிளப் பையன்கள் சந்தா ரசீதில் "மாத்ராஜி பாபு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சார் ரசீதைத் திருப்பி நீட்டினார். பையன்களில் ஒருவன், "மேஷோமஷாய், ஒத்தோ போடோ பொதபி, ரசீதே தோர்பே நா," என்றான். அவ்வளவு பெரிய பேர் ரசீதில் அடங்காது என்று அர்த்தம். "அடங்காதுதான்," என்றார் சார் தமிழில், சந்தோஷமாக. இரண்டு ரசீது சேர்த்து எழுதி வாங்கினார்.

அவர் வீட்டுச் சுவரில் இந்தியா படம் ஒன்று இருந்தது. அதில் அந்தப் பேர் உள்ளவர்கள் இருக்கும் ஊர்களில் எல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தார். பழைய டெலிபோன் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ஓய்வு பெற்றவர்கள் பட்டியல் எல்லாம் தேடிக் கண்டுபிடித்தது. சாந்த்ராகாச்சி, கரக்பூர், சக்ரதர்பூர், பிலாஸ்பூர். வடக்கே தனியாக ஆத்ரா. கல்கத்தாவில் அவர். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஊசிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

"இது என்ன பாதை தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் மாவுத் தூக்கோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"தெரியலை சார்."

"படை போன பாதை. எங்க முன்னோர் ஏதோ ஒரு கோட்டையைக் காத்தவங்களா இருக்கணும். தெற்கேர்ந்து வந்திருக்காங்க. பாரு, கரக்பூர்ல ரெண்டாப் பிரிஞ்சிருக்காங்க. ஒரு பிரிவு வடக்கே போயிருக்கு. யுத்த தந்திரம்."

கரக்பூரில் பாதை பிரிவது எனக்கும் தெரியும். ஆத்ராவுக்கு அங்கே வண்டி மாறவேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது அது ஒன்று மட்டும் இல்லை. இனி மறைத்து என்ன, எழுதிவிடுகிறேன். அந்தக் குடும்பப் பேர்தான் எனக்கும். என் ரேஷன் கார்டில் இருக்கிறது. என் தாத்தா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் நாலே வீடு உள்ள ஒரு வளவு. அந்த வளவின் பேர் அது. நாலு வீட்டுக்காரர்கள் எத்தனை ஊரில் இருக்கமுடியும்? சார் அதிசயப்பட்ட அபூர்வத்துக்குக் காரணம் அவ்வளவுதான். பிறகு வளவையும் இடித்துவிட்டார்கள்.

தாத்தா காளிகாட்டில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல்காரர். அங்கே தங்கியிருந்த ஆறு பையன்கள் ஒரு நாள் ரயில்வே வேலைக்கு மனுப் போடப் போனார்கள். தாத்தா அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். வரிசையில் நின்ற ஆறு பேரும் முழித்துக்கொண்டு இருந்தார்களாம். பொதபி இல்லாமல் மனுவை வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார் குமாஸ்தா. ஆறு பேருக்கும் இனிஷியல்தான். ஜாதிப் பேரைப் போட ஒருவனுக்கு வெட்கம். ஊர்ப் பேரைப் போட்டால் ஊரில் விசாரிப்பார்களோ என்று ஒருவனுக்குப் பயம். தாத்தா சொன்னாராம்: "எம் பேரு ஒண்ணு சும்மாதாம்ல கெடக்கு. எல்லாரும் போட்டுக்கிடுங்க." அன்றைக்குப் புளியோதரையும் அவருடையது, பேரும் அவருடையது என்று அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆளுக்கொரு ஸ்டேஷனுக்குப் போனார்கள். பிள்ளை குட்டிகள் அந்தப் பேரோடேயே பிறந்தன.

சாரின் படை அதுதான். ஒரு வரிசையில் நின்ற ஆறு பேர்.

இதை நான் சாந்த்ராகாச்சியில் ஒரு தடவை சரிபார்த்தும் இருக்கிறேன். அங்கே ரயில்வே குவார்ட்டர்சில் பொங்கலுக்கு மொத்தமாக மாவு கேட்டிருந்தார்கள். சார் ஒரு பாரம் தயார்செய்து என்னிடம் கொடுத்தார். பேர், தொழில், பூர்வீகம், குடும்பப் பேர் எப்படி வந்தது என்று கேள்விகள். அந்தப் பேருள்ளவர் ஓய்வு பெற்ற பிட்டர். வாசலில் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாரத்தைப் படித்துவிட்டு இருமும் அளவுக்குச் சிரித்தார்.

"பூர்வீகமா? எழுதிக்க. ஒரு சமையக்காரர் பேருய்யா அது. எங்கப்பா சொல்லுவார். மெஸ்ல இருந்த ஆறு பேரும் கடன் வாங்கிப் போட்டது. அஞ்சு பேர் ரயில்வேல நின்னாங்க. ஒருத்தருக்கு ஒத்துக்கலை, அலிப்பூர்ல ஏதோ ஆபீசுக்குப் போயிட்டார். பாவம், சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டார். சின்னப் பிள்ளை ஒண்ணு இருந்துச்சாம். உங்க சாருக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியலைங்க," என்றேன்.

அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா செத்தபோது சாருக்கு நாலு வயசு. அப்பா முகம் ஞாபகம் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவிடமிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே சொத்து அந்தப் பேர். அது மெஸ்ஸிலிருந்து வந்தது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? பாரத்தில் பூர்வீகம் என்ற இடத்தில் "தெரியாது" என்று நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கோணலைப் பார்த்து, "ரயில்வேக்காரங்க கையெழுத்து," என்றார் சார்.

இப்படியே போயிருக்கும். ஒரு தேர்தல் வந்து கெடுத்தது.

கிளப் வாசலில் வாக்காளர் பட்டியல் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் தங்கள் பேர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சார் மற்ற தெருக்களின் பட்டியலையும் வாங்கி முழுக்கப் படித்திருக்கிறார். மறுநாள் நான் மாவோடு போனபோது, "மாவு, உள்ள வா," என்றார். சமையலறை வாசலைத் தாண்டி நான் அந்த வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான்.

"பாரு. நம்ம காளிகாட்லயே ஒருத்தர். கோயிலுக்குப் பின்னாடி சந்து. வீட்டு நம்பர் போடலை. மூக்குக்குக் கீழ இருந்திருக்கார்."

விரல் வைத்துக் காட்டினார். என் பேர். என் அப்பா பேர். என் வயது. எல்லாம் சரியாக இருந்தது.

"பேரைப் பாரேன், என்ன கம்பீரம்," என்றார். என் பேரை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிச் சொன்னதில்லை. "நீ அந்தப் பக்கம்தானே இருக்கே? விசாரிச்சுட்டு வந்து சொல்லு."

என்னைத் தேட என்னையே அனுப்பினார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாந்தான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. வாய்ல மாவையா வச்சிருக்கீங்க?"

மறுநாள் போனேன்.

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"ஆள் எப்படி? உயரமா இருப்பாரே. எங்க குடும்பத்துல எல்லாரும் உயரம்."

"என் உயரம் இருப்பார் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. "என்ன பண்றார்?"

"வியாபாரம்."

"எக்ஸ்போர்ட்டா?"

"இல்ல சார். லோக்கல்தான்."

"இந்தப் பக்கம் வர்றது உண்டா?"

"தினம் வர்றார் சார்."

"தினம் வர்றவர் ஒரு தடவை படி ஏறி என்னைப் பாத்தா என்ன? வாசல்ல இவ்வளவு பெரிய போர்டு இருக்கு." பட்டியலை மடித்து வைத்தார். "கர்வம். அதுவும் எங்க குடும்ப குணம்தான்."

அந்த மாதம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வங்காளி. பெண்ணுக்கும் தமிழைவிட வங்காளிதான் நன்றாக வரும். தமிழ் பேசுவாள், படிக்க வராது. சின்ன வயதிலிருந்து என்னை மாவுக்காக்கு என்று கூப்பிடுவாள். இங்கே அப்பாவின் தம்பியைக் காக்கு என்பார்கள், தெருவில் தெரிந்தவர்களையும் அப்படியே கூப்பிடுவார்கள். சாருக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் குறை இல்லை. அவருக்கு இருந்த கவலை வேறு.

"ஞாயித்துக்கிழமை முகூர்த்தக்கால் நடறோம்," என்றார். "கால்ல பங்காளி கை படணும் மாவு. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அப்பா வழியில யாரையும் தெரியாது. இவ கல்யாணம் ஆகிப் போயிட்டா பேரும் மாறிடும். அதோட முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி எங்க பேர் உள்ள ஒரு கை, ஒரே ஒரு கை, அந்தக் கால்ல படணும். அவரை எப்படியாவது கூட்டிட்டு வா. நான் வேணா அவர் வீட்டுக்கு வந்து கேக்கறேன்."

சட்டைப்பையில் வாக்காளர் அட்டை இருந்தது. மனைவி வைத்து அனுப்பியது. எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நாந்தான் சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஆபீசில் பத்திரம் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தெரியாமல் தப்பு செய்த ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"கோவிச்சுக்காத. இதெல்லாம் நடக்கறதுதான். பெரிய குடும்பங்களை அண்டி இருந்தவங்க அந்தப் பேரையே வச்சுக்குவாங்க. வழிவழியா ஒட்டிக்கும். உங்க தாத்தா என்ன பண்ணினார்?"

"சமையல் சார்."

"பாத்தியா. எங்க ஆளுங்க யாருக்காவது சமைச்சுப் போட்டிருப்பார்."

"ஆமா சார்," என்றேன். "சமைச்சுப் போட்டிருக்கார்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திசை மட்டும் தலைகீழ். வரிசை, மனு, புளியோதரை எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே சுவரில் ஆறு ஊசி. நாலு வயசில் அப்பாவைக் கொடுத்துவிட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்ட மனுஷன். அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "சாயங்காலம் ரெண்டு கிலோ சேத்துக் கொண்டா. விருந்தாளிங்க வர்றாங்க," என்றார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லிட்டேன். நம்பலை."

"அட்டையைக் காட்டியுமா?"

"காட்டியும்."

அவள் அரைப் படி உளுந்தைக் களைந்து முடித்தாள். "போகட்டும். உளுந்தைப் போடுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனேன். கட்டிடத்தின் முற்றம் முழுக்க சிமெண்ட். குழி தோண்ட வழியில்லை. பந்தல்காரனிடம் வாங்கிய மூங்கிலை, மணல் நிரப்பிய பெயிண்ட் டின்னில் நட்டிருந்தார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை, துணியில் முடிந்த நவதானியம் எல்லாம் இருந்தது. சார் ஒருவரே பிடித்துக்கொண்டிருந்தார். புரோகிதர் பால் ஊற்றச் சொன்னார். பால் ஊற்ற ஊற்ற மணல் இளகி மூங்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வந்திருந்தவர்களில் பாதி வங்காளிகள். எது சாஸ்திரம், எது விபத்து என்று தெரியாமல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பங்காளி யாராவது பிடிங்கோ," என்றார் புரோகிதர்.

மூங்கில் இன்னும் சாய்ந்தது.

"மாவுக்காக்கு, நீங்க தோருங்க," என்றாள் பெண், பாதி வங்காளியில். பிடியுங்கள் என்று அர்த்தம்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூங்கிலைப் பார்த்தபடியே, "பிடி," என்றார். தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். என் கையில் காய்ந்திருந்த மாவு மஞ்சளில் ஒட்டிக்கொண்டது. மந்திரம் முடியும்வரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கை மேலே, என் கை கீழே. முடிந்ததும், "சாயங்காலம் மறந்துடாத," என்றார்.

பெண் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட், பான் கார்டு என்று ஒவ்வொரு ஆபீசாக அலைய அவளுக்கு நேரம் இல்லை. சார் இதைக் குலப்பெருமை என்று பாடாவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு காளிகாட் ஆளைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடைசிவரை மாவு என்றுதான் கூப்பிட்டார். போன பங்குனியில் அவர் காலமானார். ஆஸ்பத்திரியில் கடைசித் தடவை பேரைக் கூப்பிட்டபோது முதல் தடவையிலேயே கண்ணைத் திறந்தாராம். பெண் சொன்னாள்.

வீட்டைக் காலிசெய்ய வந்தவள் பழைய செய்தித்தாளையெல்லாம் எனக்குக் கட்டிக் கொடுத்தாள். "காக்கு, இந்த காதாவும் எடுத்துக்கோங்க. பின்னாடி பாதி காலியா இருக்கு. ஆர்டர் எழுத ஆகும்," என்று நோட்டையும் அதன்மேல் வைத்தாள்.

ஆர்டர் எழுதத்தான் பிரித்தேன். ஊர் ஊராகப் பக்கம் போட்டு, ஒவ்வொருவருக்கும் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். தொழில், உறவு, விசாரித்த தேதி. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கடைசிப் பக்கம் காளிகாட். என் பேர், முழுதாக. தொழில்: மாவு வியாபாரம். உறவு என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் "பங்காளி?" என்று எழுதியிருந்தார். அடியில் சின்னதாக, "முகூர்த்தக்கால் பிடித்தார்." விசாரித்த தேதி காலி.

எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. என்னிடம் இன்னொரு தடவை கேட்கலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

நோட்டை அவர் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்கப்போகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். பின்னால் படிக்கத் தெரிந்த யாராவது அந்த வீட்டில் பிறக்கலாம். அவர்களுக்காக, புளியோதரை முதற்கொண்டு எதையும் விடவில்லை.

சார் போட்ட கேள்விக்குறியை நான் அடிக்கவில்லை. ரத்த சம்பந்தம் இல்லை என்பது நிஜம். ஆனால் பேர் ஒன்று, காலைப் பிடித்ததும் நிஜம். இதற்கு என்ன எழுதுவது என்று ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித் தரவில்லை. அவர் காலியாக விட்ட கட்டத்தை மட்டும், நாங்கள் கால் பிடித்த நாளைப் போட்டு நிரப்புகிறேன்.

விசாரித்த தேதி: ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.